விழிக்கும்போதே நின்றுவிடும் கணிப்பொறி

யந்திரங்கள் பழுதுறும் வகை மூன்று. உயிரற்றுக் கிடப்பது ஒன்று. தன் குறையைத் தானே வாய்விட்டு உரைப்பது மற்றொன்று. ஒன்றும் உரையாது, உயிரும் நீங்காது, நடுவழியில் மரம்போல் நின்றுவிடுவது மூன்றாவது. முதலாவது நேரின் மின்சாரம் வருகின்றதா என்று நோக்குகிறோம். இரண்டாவது நேரின் திரையில் அது எழுதிக் காட்டியதைப் படிக்கிறோம். மூன்றாவது நேருங்கால் எதனை நோக்குவது என்று அறியாது மயங்குகிறோம். மேசைக் கணிப்பொறியைத் தொடக்கியபின் அது சிறிது தூரம் ஓடி, விசைப்பலகைக்கும் அசையாமல் சுட்டிக்கும் அசையாமல் உறைந்து நிற்பதையே 'ஹேங் ஆகிவிட்டது' என்று கடைத்தெருவிலும் விடுதியிலும் ஒருபடியாகச் சொல்லுகின்றனர். அந்நிலையைக் குறித்துச் சில கூறப் புகுகின்றோம்.

பழைய கணிப்பொறி என ஈண்டு யாம் குறிப்பது ஏறத்தாழ 2002ஆம் ஆண்டு முதல் 2012ஆம் ஆண்டு வரை வாங்கப்பட்டு, வின்டோஸ் எக்ஸ்பி அல்லது வின்டோஸ் 7 என்னும் இயங்குதளத்தோடு இன்றும் ஏதேனும் ஒரு மூலையில் ஊழியஞ் செய்துகொண்டிருக்கும் மேசைப்பொறியை. அதனை அகற்றிவிட்டுப் புதியதொன்று வாங்கலாகாதோ எனின், ஆகாத இடங்களும் உள. தமிழ் பயில்வோர்க்கு இஃது எளிதில் விளங்கும். யூனிகோடு முறை பரவுமுன், தமிழைக் கணிப்பொறியில் எழுதுவதற்கு ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் எழுத்துரு முறையை ஆக்கிக்கொண்டது. ஒன்றில் ஓர் எழுத்து நின்ற இடத்தில் மற்றொன்றில் வேறோர் எழுத்து நின்றது. 1999ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டையொட்டி டாம், டாப் என்னும் இரு குறியீட்டு முறைகள் வகுக்கப்பட்டன. தமிழக அரசு யூனிகோடு முறையை ஏற்றது 2010ஆம் ஆண்டில். அதற்கு முன்னர்ப் பாமினி முதலிய எழுத்துருக்களைக்கொண்டு பேஜ்மேக்கரில் பக்கம் அமைக்கப்பட்ட நூல்களும் ஆய்வேடுகளும், அவை இல்லாத புதிய பொறியில் ஒன்று திறவா. திறந்தாலும் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களின் குவியலாய்த் தோன்றும். எழுத்தை மாற்றித் தருங் கருவிகள் உள. ஆயினும் மாற்றுவதற்கு முன் ஒருமுறையேனும் மூலத்தை அதன் சொந்த வீட்டில் திறந்து ஒப்புநோக்க வேண்டுமன்றோ? எம் துறை அறையிலிருக்கும் 2006ஆம் ஆண்டுப் பொறி இவ்வகையினது. சில ஓலைச்சுவடிகளைப் பார்த்து முன்னாள் மாணவர் தட்டச்சு செய்து வைத்த படிகள் அதில் உள்ளன. வேறெங்கும் இல்லை.

இத்தகைய பொறி உறைந்து நின்றபோது கடையிற் கிடைக்கும் முதல் விடை பெரும்பாலும் ஒன்றே: "ஃபார்மட் போட்டுவிடலாம்." தட்டிலுள்ளவற்றைத் துடைத்துவிட்டு இயங்குதளத்தைப் புதிதாய் நிறுவுதலே ஃபார்மட். தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் கால்வலிக்கும் ஒரே சூரணத்தை நீட்டும் நாட்டு வைத்தியரை இது நினைப்பூட்டுகிறது. ஆனால் கடைக்காரரை முற்றிலும் குறைகூறலும் தகாது. அரை நாள் ஆராய்ந்து, காரணத்தைக் கண்டு, அவ்வாராய்ச்சிக்குக் கூலி கேட்டால் நம்மில் எத்தனைபேர் கொடுப்போம்? ஃபார்மட்டுக்கோ கூலி திட்டமாக உண்டு. ஆதலின் ஆராயும் பொறுப்பு உடையவனையே சேர்கின்றது. ஆராய்வதற்கு வேண்டிய அறிவும் பெரிதன்று. பொறி எவ்வரிசையில் விழித்தெழுகின்றது என்பதை அறிந்தாற் போதும்.

பொறி விழிப்பதை 'பூட்' ஆதல் என்பர். காலணியை இழுத்து அணிவதற்காக அதன் மேற்புறத்தே தைத்துள்ள வாருக்கு ஆங்கிலத்தில் பூட்ஸ்டிராப் என்று பெயர். அவ்வாரைப் பற்றி ஒருவன் தன்னைத் தானே மேலே தூக்கிக்கொள்ளுதல் இயலாத காரியம். அவ்வியலாத காரியத்தையே கணிப்பொறி நாள்தோறும் செய்கின்றது என்னும் வியப்பினால் எழுந்ததே இப்பெயர். நிரல்களையெல்லாம் தட்டிலிருந்து நினைவகத்துக்குக் கொணர ஒரு நிரல் வேண்டும்; அந்நிரலைக் கொணர்வது யாது? சிறியதொன்று சற்றுப் பெரியதை எழுப்ப, அது தன்னினும் பெரியதை எழுப்ப, இவ்வாறு படிப்படியாய் ஏறுவதே இதற்கு விடை.

பொத்தானை அழுத்தியவுடன் முதலில் விழிப்பது எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்பெட்டி. அது சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டுகளாக மாற்றி, அவை நிலைபெற்றபின் 'மின்சாரம் நன்று' என்றொரு குறிப்பை மதர்போர்டுக்கு அனுப்பும். அக்குறிப்பு வருமளவும் செயலி கட்டுண்டு கிடக்கும். கட்டு அவிழ்ந்தவுடன், பயாஸ் என்னும் சில்லில் எழுதப்பட்டுள்ள முதற் கட்டளையை அது படிக்கும். பயாஸ் நிரல் நினைவகத்தையும் திரைக்குரிய அட்டையையும் விசைப்பலகையையும் ஒவ்வொன்றாய் அழைத்துப் பார்க்கும். இதற்குப் போஸ்ட் என்று பெயர். பின்னர் ஹார்டு டிஸ்க்கைத் தேடி, அதன் முதற் கூற்றை, அஃதாவது வெறும் 512 பைட்டை, நினைவகத்துக்குக் கொணரும். அச்சிறு துண்டு அடுத்த நிரலை எழுப்பும். எக்ஸ்பியில் அதன் பெயர் என்.டி.எல்.டி.ஆர்.; வின்டோஸ் 7இல் பூட்மேனேஜர். அதன் வழியாய் இயங்குதளத்தின் கருவும் முதன்மையான டிரைவர்களும் நினைவகம் புகும். கரு எஞ்சிய டிரைவர்களை அழைக்கும். பிறகு பல்வகைச் சேவைகள். இறுதியில் நம் பெயரை வினவுந் திரை.

இவ்வரிசை நமக்குப் பயன்படுவது எங்ஙனமெனின், பொறி உறைந்த இடம் எதுவோ அதற்கு முந்தியவையெல்லாம் ஒருமுறையேனும் தம் கடமையைச் செய்தன என்பது பெறப்படும். எச்சத்தோடு நின்றுவிட்ட வாக்கியத்தில் எழுவாய் வந்துவிட்டது, செயப்படுபொருளும் வந்துவிட்டது, முற்றே வரவில்லை என்று நாம் காண்பதுபோலக் காணலாம். திரையில் ஒன்றுமே தோன்றாவிடின் ஐயம் மின்பெட்டி, நினைவகம், செயலி, திரையட்டை என்னும் நான்கினுள் அடங்கும். பொறி செய்த நிறுவனத்தின் சின்னத்தோடு நின்றால் போஸ்ட் முடியவில்லை. கருந்திரையின் மூலையில் ஒரு சிறு கோடு மட்டும் இமைத்துக்கொண்டிருந்தால் பயாஸ் தன் பணியை முடித்துவிட்டது. தட்டிலோ அதன் முதற் கூற்றிலோ தடை. வின்டோஸின் சின்னம் தோன்றி அதன்கீழ் ஓடும் பட்டை நின்றால் கருவும் டிரைவர்களும் இடறுகின்றன. மேசைத்திரை தோன்றியபின் உறைந்தால், உடன்தொடங்கும் செயலிகளில் ஏதோ ஒன்று குற்றவாளி. இரண்டு வைரஸ் தடுப்பான்களை ஒரே வீட்டிற் குடிவைத்தவர்கள் இதனை நன்கறிவர்.

உறைந்ததா, அன்றி மெதுவாய் நகர்கின்றதா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளல் வேண்டும். நம் லாக் என்னும் விசையை அழுத்துக. அதன் விளக்கு எரிந்தும் அணைந்தும் நமக்கு விடையளித்தால் செயலி இன்னும் உயிரோடிருக்கின்றது. பெட்டியின் முகப்பில் ஹார்டு டிஸ்க்குக்குரிய விளக்கு இமைக்கின்றதா என்றும் நோக்குக. இமைப்பின் கால் மணி நேரமேனும் பொறுத்திருத்தல் நலம்.

இனி யாம் கூறப்போவது இக்கட்டுரையின் உயிர்நிலை. பொறியை நான்கைந்து முறை தொடக்கி, ஒவ்வொருமுறையும் அது நின்ற இடத்தையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொள்க. எழுதாமல் நினைவில் வைத்துக்கொள்ள முயல்வோர், தாம் முன்னமே ஐயுற்ற காரணத்துக்கு ஏற்றவாறே நினைவு கூர்வர். எப்போதும் ஒரே இடத்தில் நின்றால் அவ்விடத்தில் அழைக்கப்படும் ஒரு குறிப்பிட்ட கோப்போ, டிரைவரோ, சாதனமோ காரணமாகும். இன்று ஓரிடத்திலும் நாளை வேறிடத்திலும் நின்றால் காரணம் நிரலில் இல்லை. ஏனெனில் தட்டில் எழுதப்பட்ட நிரல் நேற்றும் இன்றும் ஒன்றே. அது இடத்துக்கு இடம் தன் மனத்தை மாற்றிக்கொள்வதில்லை. மாறுவது மின்சாரம், வெப்பம், நினைவகம் என்னும் மூன்றே. இவ்விரண்டாம் வகைப் பிணிக்கு ஃபார்மட் செய்தால் கோப்புக்கள் போகும், பிணி போகாது.

ஒரு விலக்கு உண்டு. ஹார்டு டிஸ்க்கிலிருந்து 'டக், டக்' என்று ஒரே தாளத்தில் ஓசை எழுந்தால் இச்சோதனையை ஒருமுறையும் செய்தல் கூடாது. நிமிஷத்திற்கு 7,200 முறை சுழலும் தகட்டின்மேல் மயிரிழைக்கும் குறைந்த இடைவெளியில் மிதந்து செல்லும் தலை, தன் வழியைக் காணாது மீண்டும் மீண்டும் திரும்பும் ஓசை அது. தொடக்குந்தோறும் தகடு மேலும் சிதையலாம். உடனே மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும்.

பெட்டியைத் திறக்குமுன் இரண்டு எச்சரிக்கைகள். சுவரிலிருந்து மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் வர்ணம் பூசாத இரும்புப் பகுதியைத் தொட்டுக் கையிலுள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொள்க. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் ஒருக்காலும் பிரிக்கலாகாது. கம்பியைப் பிடுங்கிய பின்னும் அதனுள் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்சாரம் தங்கியிருத்தல் கூடும். (முழுப்பெட்டியையும் 'சி.பி.யு.' என்று வழங்குகின்றனர். சி.பி.யு. ஆவது உள்ளேயுள்ள ஒரு சதுரச் சில்லு மாத்திரமே. இதனைப் பிழையென்று கடிவோர் பலர். சினையாகுபெயர் என்று அமைதி கூறினால் யாவர்க்கும் நிம்மதி.)

திறந்தவுடன் முதலில் செய்யத்தக்கது தேவையல்லாதவற்றை விலக்குதல். பிரின்டர், பென் டிரைவ், கார்டு ரீடர் முதலிய யாவற்றையும் கழற்றி, திரையும் விசைப்பலகையும் மட்டும் இருக்கத் தொடக்கிப் பார்க்க வேண்டும். பழைய பயாஸ்களுட் சில, தமக்குத் தெரியாத யு.எஸ்.பி. சாதனத்தை வாயிலிற் கண்டால் அதனையே நோக்கிக்கொண்டு நின்றுவிடும். மறந்துபோய்ச் செருகி வைத்த ஒரு பென் டிரைவுக்காக மதர்போர்டை மாற்றியவர்களும் உண்டாம்.

நினைவகத்துக்கு வருவோம். ரேம் என்னும் அந்நீண்ட அட்டைகள் இரண்டோ நான்கோ இருக்கும். அவற்றைக் கழற்றி, ஒன்றை மட்டும் செருகித் தொடக்குக; பிறகு மற்றொன்றை மட்டும். ஒன்றோடு எழுந்து மற்றொன்றோடு உறைந்தால் வழக்குத் தீர்ந்தது. அட்டையின் விளிம்பிலுள்ள பொன்னிறப் பற்கள் கடற்காற்றினாலும் தூசினாலும் மங்கியிருத்தல் உண்டு. பென்சில் எழுத்தை அழிக்கும் ரப்பரால் அவற்றை மெல்லத் தேய்த்துத் துகளைத் தட்டிவிட்டு மீண்டும் அழுத்திச் செருகுதல் நம் நாட்டுக் கடைகளில் வழிவழி வரும் வைத்தியம். நகைக்கத்தக்கதாய்த் தோன்றினும் அது பலமுறை பலித்திருக்கின்றது. தேய்த்ததனால் பலித்ததா, கழற்றி மீண்டும் செருகியதனால் பலித்ததா என்று பிரித்துணர்வார் இலர். மெம்டெஸ்ட்86 என்னும் சோதனை நிரலைக் குறுந்தகட்டிலிருந்து ஓட்டினால், அது நினைவகத்தின் ஒவ்வோர் இடத்திலும் எழுதி மீண்டும் படித்து ஒப்பிட்டுச் சொல்லும். அதனை ஓர் இரவு முழுவதும் ஓடவிடுதல் நன்று. ஒரே ஒரு பிழை காட்டினாலும் அவ்வட்டை நம்பத்தக்கதன்று.

வெப்பத்தைக் குறித்து அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. செயலியின்மேல் அமர்ந்திருக்கும் விசிறியில் தூசு கம்பளிபோற் படிந்திருந்தாலும், விசிறிக்கும் செயலிக்கும் இடையே பூசிய பசை ஆண்டுகள் பல கழிந்து காய்ந்து போயிருந்தாலும் வெப்பம் வெளியேறாது. இதனால் உறையும் பொறி தொடக்கத்திற் சிறிது நேரம் ஓடி நின்று, உடனே மறுமுறை தொடக்கினால் முன்னிலும் விரைவில் நிற்கும். அரைமணி ஆறவிட்டால் மீண்டும் சற்று நேரம் ஓடும்.

இதற்கு நேர்மாறான குறி ஒன்று உண்டு. குளிர்ந்திருக்கும்போது உறைந்து, சூடேறச் சூடேற நன்றாய் இயங்குதலே அது. எம் துறைப் பொறி இக்குறியையே காட்டிற்று. காலையில் முதன்முறை தொடக்கினால் இமைக்கும் கோட்டோடு நிற்கும். இரண்டாம் முறை வின்டோஸ் சின்னம் வரை செல்லும். மூன்றாம் முறையோ நான்காம் முறையோ மேசைத்திரை வந்து, பிறகு மாலை வரை ஒரு குறையுமின்றிப் பணிசெய்யும். இரண்டு கடைகளில் ஃபார்மட் என்றே தீர்ப்புக் கிடைத்தது. நிற்கும் இடம் நாள்தோறும் மாறுகின்றதைத் தாளில் எழுதிக்கொண்டு வந்த எமக்கோ தட்டின்மேல் ஐயம் எழவில்லை.

காரணம் கபாசிட்டர்கள். மதர்போர்டில் செயலியைச் சூழ்ந்து சிறு உருளைகள் வரிசையாய் நிற்கக் காணலாம். செயலி ஒரு கணம் மிகுதியாகவும் மறுகணம் குறைவாகவும் மின்சாரத்தை இழுப்பது. அவ்வேற்றத் தாழ்வை ஈடுசெய்ய மின்சாரத்தைத் தேக்கி வைத்துத் தருங் குளங்கள் அவை. அவற்றினுள்ளே அலுமினியத் தகடுகளும் அவற்றை நனைத்திருக்கும் ஒரு திரவமும் உள்ளன. அத்திரவம் வற்றினாலும் கெட்டாலும் குளம் தூர்ந்துவிடும். வோல்ட் அளவு அலைபாயும். செயலி ஒரு கட்டளையைத் தவறாகப் படித்து வழி தெரியாது நின்றுவிடும். குளிர்ச்சியில் அத்திரவத்தின் மின்தடை மிகுவதும் சூட்டிற் குறைவதும் இயற்கை. காலையில் மறுத்த பொறி நண்பகலில் இசைவதன் இரகசியம் இதுவே. 1999ஆம் ஆண்டிற்கும் 2007ஆம் ஆண்டிற்கும் இடையே, தைவான் நாட்டு நிறுவனங்கள் சிலவற்றினின்று வந்த கபாசிட்டர்கள் திரவத்தின் குறைபாட்டால் காலத்துக்கு முன்னரே பழுதுற்றன; ஆங்கிலத்தில் இதனைக் 'கபாசிட்டர் கொள்ளைநோய்' என்றே வழங்கினர். பெயர்பெற்ற பெருநிறுவனங்களும் தாம் விற்ற பொறிகளின் மதர்போர்டுகளைத் திரளாக மாற்றிக் கொடுக்க நேர்ந்தது. அக்காலத்துப் பொறிகளே இன்று நம் அலுவலக மூலைகளில் எஞ்சியிருப்பவை என்பதை எண்ணுக.

பழுதுற்ற கபாசிட்டரைக் கண்ணாற் காணலாம் என்பது நம் நற்பேறு. நல்லதன் தலை மேசைபோல் தட்டையாயிருக்கும். கெட்டதன் தலை உள்ளெழுந்த வாயுவினால் புடைத்திருக்கும். தலையில் கீறியிருக்கும் கோடுகள் பிளந்து, பழுப்பு நிறப் பொருக்குக் கசிந்திருத்தலும் உண்டு. கண்ணுக்கு ஐயமாயின் மின்சாரம் நீக்கிய நிலையில் விரல்நுனியால் தடவிப் பார்க்கலாம். தொட்டுப் பார்த்தாலன்றி நம்பேன் என்ற தோமாவின் மனப்பான்மை இவ்விடத்திற் குற்றமன்று. எம் பொறியில் செயலிக்கு அருகே நின்ற வரிசையில் மூன்று புடைத்திருந்தன. ஒன்று கசிந்தும் இருந்தது. மூன்றும் 6.3 வோல்ட், 1500 மைக்ரோஃபாரட் என்று குறிக்கப்பட்டவை. மாற்றும்போது மைக்ரோஃபாரட் அளவு அதுவேயாதல் வேண்டும். வோல்ட் அளவு அதுவோ அதனின் மிக்கதோ ஆகலாம். 105 பாகை வெப்பம் தாங்குவதாயும், மதர்போர்டுக்கென்றே செய்த குறைந்த உள்தடை உடையதாயும் இருத்தல் வேண்டும். வெள்ளைக் கோடிட்ட புறம் எதிர்முனை. திசைமாறிப் பற்றவைத்தால் வெடிக்கும். பல படலங்களையுடைய பலகையில் ஈயம் வைத்துப் பற்றவைத்தல் பயின்ற கைக்கே ஆவது. பழைய வானொலிகளைச் செப்பனிடும் மெக்கானிக் ஒருவர் அரைமணி நேரத்தில் அதனை முடித்துக் கொடுத்தார். அதன்பின் பொறி முதல் அழைப்பிலேயே எழுகின்றது.

புடைப்பு ஒன்றும் காணாவிடின் எஸ்.எம்.பி.எஸ்.ஸை ஐயுறுக. அதனுள்ளும் இவ்வகைக் கபாசிட்டர்களே உள. மல்டிமீட்டரால் அளந்தால் 12 வோல்ட் கம்பியில் 11.4க்குக் குறையாமலும் 12.6க்கு மிகாமலும், 5 வோல்ட் கம்பியில் 4.75க்கும் 5.25க்கும் இடையிலும் இருத்தல் வேண்டும். நற்பொறி ஒன்றின் மின்பெட்டியைக் கடன்வாங்கி மாட்டிப் பார்ப்பது இதனினும் எளிய வழி.

இனி, ஒரே இடத்தில் நிற்கும் பொறிகளைப் பார்ப்போம். இவற்றுள் மலிவாகத் தீரும் பிணி மின்கலத்தைப் பற்றியது. மதர்போர்டில் ரூபாய் நாணயம் போன்ற சி.ஆர்.2032 என்னும் 3 வோல்ட் பேட்டரி ஒன்று பதிந்திருக்கும். பொறி அணைந்திருக்கும்போது கடிகாரத்தையும் பயாஸின் அமைப்புகளையும் காப்பது அதுவே. அது தேய்ந்தால் நாளும் நேரமும் பொறி பிறந்த ஆண்டுக்குத் திரும்பும். அதனோடு தட்டை எம்முறையில் அழைப்பது என்ற அமைப்பும் மறந்துபோம். ஐ.டி.ஈ. முறையில் நிறுவிய எக்ஸ்பியை ஏ.ஹெச்.சி.ஐ. முறையில் அழைத்தால் அது தன் தட்டையே அறியாது. நீலத்திரையைக் காட்டி நிற்கும், அன்றேல் திரும்பத் திரும்பத் தொடங்கும். சில பத்து ரூபாய்ப் பேட்டரியை மாற்றி, அமைப்பை முன்போலத் திருத்தினால் தீர்ந்தது. இதற்காக ஃபார்மட் செய்யப்பட்ட தட்டுக்கள் எத்தனையோ!

தட்டையும் அதன் கம்பியையும் பற்றி ஒரு நுட்பம். எக்ஸ்பி, தட்டோடு பேசுங்கால் பிழை நேர்ந்தால் கணக்கு வைத்துக்கொள்ளும். ஆறுமுறை பிழை சேர்ந்தபின் வேகத்தை ஒருபடி குறைக்கும். இவ்வாறு குறைந்து குறைந்து பி.ஐ.ஓ. என்னும் ஆமை நடைக்கு வந்துவிடும். அப்போது ஒரு நிமிஷத்தில் எழவேண்டிய பொறி பத்து நிமிஷமாயினும் எழாது. பார்ப்பவர் உறைந்துவிட்டது என்பர். தளர்ந்த கம்பியை மாற்றி, அக்கணக்கை அழித்துவிட்டால் பழைய வேகம் மீளும். ஆனால் கம்பி நன்றாயிருந்தும் பிழை தோன்றினால் தட்டே கெடுகின்றது. அந்நிலையில் செக் டிஸ்க் முதலிய பழுதுபார்க்கும் நிரல்களை உடனே ஓட்டுதல், நோயாளியை ஓடவிட்டு நாடி பார்ப்பதை ஒக்கும். தட்டைக் கழற்றி, யு.எஸ்.பி. இணைப்பான் வழியாய் நலமுள்ள வேறொரு பொறியில் மாட்டி, வேண்டிய கோப்புக்களை முதலிற் படியெடுத்தல் வேண்டும். எழுத்துருக் கோப்புக்களை மறத்தலாகாது. அவை வின்டோஸ் உறையினுள் ஃபான்ட்ஸ் என்னும் உறையில் இருக்கும். எம் பொறியில் ஈயம் வைக்குமுன் இதனைத்தான் முதலிற் செய்தோம்.

வின்டோஸ் சின்னத்தில் நிற்பவற்றுக்கு எஃப்8 என்னும் விசையே திறவுகோல். பயாஸ் முடிந்து சின்னம் தோன்றுமுன் அதனை அழுத்திக்கொண்டிருந்தால் ஒரு பட்டியல் தோன்றும். அதிற் சேஃப் மோட் என்பதைத் தெரிந்தால் இன்றியமையாத டிரைவர்களை மட்டும் கொண்டு பொறி எழ முயலும். எழுந்தால் குற்றம் விலக்கப்பட்டவற்றுள் இருக்கின்றது என்பது தெளிவு. அண்மையில் நிறுவிய டிரைவரை நீக்கலாம், அல்லது எம்.எஸ்.கான்ஃபிக் என்னும் கருவியால் உடன்தொடங்கும் சேவைகளிற் பாதியை நிறுத்தித் தொடக்கலாம். எழுந்தால் நிறுத்திய பாதியிலும், எழாவிடின் நிறுத்தாத பாதியிலும் குற்றவாளி உளன். 32 சேவைகளாயின் இவ்வாறு பாதி பாதியாய்ப் பகுத்து ஐந்தே முறையில் அவனைப் பிடிக்கலாம். ஒன்றொன்றாய் நீக்குவோர் முப்பதுமுறை தொடக்கி அலுத்து, கடைசியில் கடைக்கே செல்வர்.

சேஃப் மோடிலும் உறைந்தால் திரையில் கோப்புப் பெயர்களின் நீண்ட வரிசை தெரியும். எக்ஸ்பியில் அதன் இறுதியில் பெரும்பாலும் மப்.சிஸ் என்ற பெயர் நிற்கும். அதனைக் கண்டு மப்.சிஸ் கெட்டுவிட்டது என முடிவுசெய்து, அதனை மாற்றிப் பயன் காணாதோர் உலகெங்கும் உளர். அப்பெயர் இறுதியில் நிற்பது, நினைவகத்துக்கு வந்த கோப்புக்களுள் அது வழக்கமாய்க் கடைசியாதலின். அது நலமாக வந்து சேர்ந்துவிட்டது. அதற்குப்பின் பெயர் எழுதாமல் நடக்கும் ஏதோ ஒன்றே தடை. தெருவிற் கடைசியாய்க் காணப்பட்டவனைக் கள்வன் என்று பிடித்துக் கட்டுவது நீதியாமோ? இந்நிலையில் மீண்டும் வெளிச்சாதனங்கள், நினைவகம், பயாஸ் அமைப்பு என்பவற்றுக்கே திரும்ப வேண்டும்.

எழுந்துவிட்ட பழம்பொறியை இணையத்தோடு சேர்க்கலாகாது. எக்ஸ்பிக்குரிய பாதுகாப்புத் திருத்தங்கள் 2014ஆம் ஆண்டு ஏப்ரலிலும், வின்டோஸ் 7க்குரியவை 2020ஆம் ஆண்டு ஜனவரியிலும் நின்றுவிட்டன. கோப்புக்களை வெளியே கொணர ஒரு தனிப் பென் டிரைவை வைத்து, மறுபுறம் திறக்குமுன் வைரஸ் சோதனை செய்தாற் போதும்.

இவ்வளவும் செய்தும் எழாத பொறியைக் கடைக்குக் கொண்டு செல்ல நேரின், அதன்மேல் ஒரு சீட்டை ஒட்டுக. எந்த இடத்தில் நிற்கின்றது, எப்போதும் அவ்விடந்தானா, குளிர்ந்தபோதா சூடானபோதா, எவற்றை மாற்றிப் பார்த்தாயிற்று என்பவற்றை அதில் எழுதுக. அதன்கீழே பெரிய எழுத்தில், "ஃபார்மட் செய்யற்க" என்றும் எழுதுக. தட்டை மட்டும் கழற்றி நம்மிடமே வைத்துக்கொண்டு பெட்டியைக் கொடுத்தல் அதனினும் நன்று.